கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

கேத் லேப் என்பது இரண்டு அறை. உள்ளறையில் மேசை, அதன்மேல் மயக்கத்தில் குழந்தை, மேசையைச் சுற்றி எக்ஸ்ரே கருவியின் வளைந்த கை. ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். என் முன்னால் இருக்கும் திரையில் மேலே ஈசிஜி ஓடும், கீழே ரத்த அழுத்தத்தின் அலை ஓடும். டாக்டர் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இருதயத்தின் ஒவ்வோர் அறையாக நகர்த்த நகர்த்த, "ஆர்.ஏ. மீன் 6, ஆர்.வி. 42" (வலது மேலறையின் சராசரி அழுத்தம் 6, வலது கீழறையில் 42) என்று மைக்கில் சொல்லிப் பதிவு செய்துகொண்டே போவேன். நான் படித்தது கார்டியாக் டெக்னாலஜி. சென்னையில் குழந்தைகளுக்கு இருதய சிகிச்சை செய்யும் ஒரு மருத்துவமனையில் வேலை. பெற்றோர்கள் எங்களையும் "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்த்துப் பார்த்து, அது என் பெயராகவே ஆகிவிட்டது.

பிறக்கிற 1000 குழந்தைகளில் ஏறக்குறைய 8 குழந்தைகளுக்கு இருதயத்தில் ஏதோ ஒரு பிறவிக் கோளாறு இருக்கும். எல்லாவற்றுக்கும் சிகிச்சை தேவைப்படாது. சின்ன ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். தேவைப்படுகிறவற்றில் கணிசமானவற்றை இன்று நெஞ்சைத் திறக்காமலே, தொடை இடுக்கில் ஒரு ஊசித் துளை வழியாகவே சரிசெய்துவிடலாம். "ஓட்டையைக் குடை வச்சு அடைக்கிறாங்களாமே" என்று ஊரில் பேசிக்கொள்வது இதைத்தான். அடைப்பது பத்து நிமிடத்தில் முடிகிற காரியம். அடைக்கலாமா, எந்த அளவில் அடைக்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் மற்ற நேரம் முழுவதும் போகிறது. இந்தத் தொழிலின் உயிர் அந்த நேரத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை என்பதால் எழுதுகிறேன்.

காலையில் முதல் வேலை டிரான்ஸ்டியூசரை ஜீரோ செய்வது. கதீட்டருக்குள் இருக்கும் ரத்தத்தின் அழுத்தத்தை மின் சமிக்ஞையாக மாற்றித் தரும் சிறு பெட்டி அது. படுத்திருக்கும் குழந்தையின் மார்புக்கூட்டின் நடு உயரத்துக்கு அதைக் கொண்டுவந்து, காற்றுக்குத் திறந்து, அந்த இடத்தைப் பூஜ்யம் என்று கருவிக்குச் சொல்ல வேண்டும். பிறகு யாராவது மேசையை உயர்த்திவிட்டால் அளவு முழுவதும் பொய்யாகிவிடும். பெரியவர்களுக்கு நான்கைந்து புள்ளி கூடக் குறைய இருந்தால் சமாளிக்கலாம். நுரையீரல் தமனியின் அழுத்தத்தை வைத்து ஒரு குழந்தையின் எதிர்காலத்தை முடிவு செய்யும்போது அந்த நான்கைந்து புள்ளி பெரிய விஷயம்.

அடுத்தது குமிழி. டியூபில் கடுகளவு காற்றுக் குமிழி நின்றாலும் அலையின் கூர்மை மழுங்கிப்போகும். 60 என்று காட்ட வேண்டியது 52 என்று காட்டும். அளவு கெடுவது ஒருபக்கம் இருக்கட்டும், எங்கள் குழந்தைகளில் பலருக்கு இருதயத்தின் வலப்பக்க ரத்தம் இடப்பக்கத்துக்குக் கடந்துபோக வழி இருக்கிறது. சிரையில் ஏறும் குமிழி நுரையீரலில் வடிகட்டப்படாமல் நேராக மூளைக்குப் போய்விடலாம். ஆகவே ஒவ்வொரு மூடியையும் விரலால் தட்டித் தட்டிப் பார்ப்போம். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இந்தத் தட்டலைத்தான்.

பிறகு ஆக்சிஜன் ஓட்டம். மேற்பெருஞ்சிரை, வலது மேலறை, கீழறை, நுரையீரல் தமனி, மகாதமனி என்று ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் ரத்தம் எடுத்து, அதில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் என்று பார்ப்போம். 3 கிலோ குழந்தையின் உடம்பில் உள்ள மொத்த ரத்தமே சுமார் 240 மி.லி. அதனால் ஒவ்வொரு சிரிஞ்சிலும் தேவைக்கு மேல் ஒரு சொட்டுகூட எடுப்பதில்லை. உடம்பைச் சுற்றித் திரும்பிய ரத்தத்தில் 70, நுரையீரல் தமனியில் 86, மகாதமனியில் 98 என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். 98-இல் 70 போக 28. 98-இல் 86 போக 12. 28-ஐ 12-ஆல் வகுத்தால் 2.3. உடம்புக்குப் போகிற ரத்தத்தைப்போல் இரண்டேகால் மடங்குக்கு மேல் நுரையீரலுக்குப் போகிறது என்று அர்த்தம். நுரையீரலில் தடை ஏறவில்லை என்றும் தெரிந்துவிட்டால், ஓட்டை பெரியது, அடைக்கலாம் என்று முடிவு. இந்தக் கணக்கை இன்று கம்ப்யூட்டரே போட்டுவிடும். இருந்தும் நான் ஒரு தாளின் ஓரத்தில் கையால் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எண்ணைச் சொல்வேன்.

இந்த வித்தைக்கு நூறு வயது ஆகப்போகிறது. 1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டு நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர், மேலதிகாரி கூடாது என்று சொல்லியும் கேளாமல், தன் கைச் சிரை வழியாகச் சிறுநீர்க் குழாய் ஒன்றைத் தன் இருதயம்வரை செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டார். 1956-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் குழந்தைகள் விஷயத்தில் நான் முதலில் வணங்குவது வில்லியம் ராஷ்கைண்டை. 1966 வரை கதீட்டர் என்பது பெரும்பாலும் பார்ப்பதற்கும் அளப்பதற்குமான கருவி. அதைக் கொண்டு பிறவிக் கோளாறுக்குச் சிகிச்சையே செய்யலாம் என்று பிலடெல்பியாவில் செய்து காட்டியவர் அவர்.

அவர் எடுத்துக்கொண்டது மகா மோசமான ஒரு கோளாறு. நுரையீரல் தமனி இருக்க வேண்டிய இடத்தில் மகாதமனியும், மகாதமனி இருக்க வேண்டிய இடத்தில் நுரையீரல் தமனியும் மாறிப் பிறந்திருக்கும். உடம்பின் கெட்ட ரத்தம் உடம்புக்கே திரும்பும், நுரையீரலின் நல்ல ரத்தம் நுரையீரலுக்கே திரும்பும். இரண்டும் கலக்க ஓரிடம் இல்லையென்றால் குழந்தை பிழைக்காது. ராஷ்கைண்ட் செய்தது இவ்வளவுதான்: நுனியில் பலூன் கட்டிய கதீட்டரை மேலறைகளுக்கு நடுவே இருக்கும் சின்னத் திறப்பின் வழியே இடப்பக்கம் நுழைத்து, பலூனை ஊதி, வெடுக்கென்று வலப்பக்கம் இழுத்தார். நடுச்சுவர் கிழிந்தது. ரத்தம் கலந்தது.

அந்த இழுப்பை இன்றும் அப்படியேதான் செய்கிறோம். பெரும்பாலும் இரவில்தான் வரும். வெளியூர் மருத்துவமனையில் பிறந்து, நீலம் பூத்து, ஆம்புலன்சில் கொண்டுவரப்பட்ட குழந்தை. பிராஸ்டகிளாண்டின் மருந்து சொட்டுச் சொட்டாக ஓடிக்கொண்டிருக்கும். மூச்சை நிறுத்திவிடக்கூடிய மருந்து அது. அதனால் ஒரு கண் எப்போதும் குழந்தையின் மார்பின் மேல் இருக்க வேண்டும். சில நேரம் கேத் லேபுக்குக்கூடக் கொண்டுபோவதில்லை. ஐசியூ கட்டிலிலேயே, எக்கோ பார்த்தபடி, தொப்புள் சிரை வழியாகச் செய்துவிடுவார்கள். பலூனில் 3 மி.லி., 4 மி.லி. திரவம் ஏற்றும் சிரிஞ்ச் என் கையில். "ஏத்துங்க" என்பார் டாக்டர். ஏற்றிப் பூட்டியதும் ஒரே வெட்டு இழுப்பு. "இறக்குங்க." உடனே இறக்க வேண்டும், அரை நொடிகூட யோசிக்கக் கூடாது. இரண்டு மூன்று முறை இப்படி. ஒரு முறை 48-இல் நின்ற ஆக்சிஜன் அளவு இழுப்பு முடிந்ததும் 55, 63, 70 என்று ஏறி 76-இல் நின்றதைப் பார்த்தேன். குழந்தையின் உதடு நிறம் மாறியதை அதன் பாட்டிதான் கதவிடுக்கு வழியாக முதலில் கவனித்துச் சொன்னார். பிறகு இரண்டு மூன்று வாரத்துக்குள் அறுவை சிகிச்சையில் தமனிகளை இடம் மாற்றித் தைப்பார்கள். அதுவரை உயிரைப் பிடித்து வைப்பது அந்த இழுப்பு.

பலூன் வேலைகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது நுரையீரல் வால்வைத் திறப்பது. 1982-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஜீன் கான் என்ற பெண் டாக்டரும் அவர் குழுவினரும் வெளியிட்ட முறை. பிறவியிலேயே வால்வின் இதழ்கள் ஒட்டிப் போய், நடுவில் பொட்டளவு துளை மட்டும் இருக்கும். வலது கீழறை மூச்சுமுட்ட அழுத்திக்கொண்டிருக்கும். சில மாதங்களே ஆன ஒரு பெண் குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். வலது கீழறையில் சாதாரணமாக 25-க்குள் இருக்க வேண்டிய அழுத்தம் 118. உடம்பின் ரத்த அழுத்தமே 80-தான். வால்வைத் தாண்டிய பிறகு 18. வால்வின் வளையம் 9 மி.மீ., எடுத்த பலூன் 11 மி.மீ. வளையத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுப்பது வழக்கம். அதற்கு மிக மீறினால் கிழியும், குறைந்தால் திறக்காது.

மெல்லிய ஒயரின் மேல் பலூன் போய் வால்வின் நடுவே நின்றது. ஊதினார்கள். திரையில் பலூன் உடுக்கை மாதிரி நடுவில் இடுங்கித் தெரிந்தது. அந்த இடுப்புதான் வால்வு. ஊதியிருக்கும்வரை ரத்தம் முன்னே போக வழியில்லை. என் திரையில் உடம்பின் அழுத்தம் 80-லிருந்து 40-க்குச் சரிந்தது, இருதயத் துடிப்பு மெதுவானது. "நாற்பது" என்றேன். அந்த நொடியில் இடுப்பு சட்டென்று மறைந்து பலூன் ஒரே நேராக உருண்டது. இறக்கிவிட்டார்கள். எல்லாமாகச் சேர்த்துச் சில வினாடிகள். அலை மெல்ல எழுந்து பழைய உயரத்துக்கு வந்தது. மறுபடி அளந்தபோது வலது கீழறையில் 38. "எவ்வளவு?" என்று டாக்டர் மறுபடி கேட்டார். காது கேட்காமல் கேட்கவில்லை, இன்னொரு முறை கேட்க ஆசை.

ஓட்டை அடைக்கும் சாதனத்துக்கு வருகிறேன். 1967-லேயே பெர்லினில் போர்ஸ்ட்மன் என்பவர் மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் இடையிலான குழாயை ஒரு பஞ்சுத் தக்கையால் அடைத்திருக்கிறார். 1970-களின் நடுவில் நியூ ஆர்லியன்ஸில் கிங்கும் மில்ஸும் மேலறை ஓட்டையை அடைத்தார்கள். ஆனால் அந்தச் சாதனங்களை நுழைக்கத் தேவைப்பட்ட குழாய்கள் தடிமனானவை, சின்ன உடம்புக்கு ஆகாதவை. வழியைத் திறந்தது நிட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியம் கலவை. இழுத்து நீட்டி மெல்லிய குழாய்க்குள் அடக்கலாம். வெளியே வந்ததும் தன் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும். ஆஸ்திரியாவில் பிறந்து மின்னசோட்டாவில் வேலை பார்த்த கர்ட் ஆம்ப்ளாட்ஸ் என்ற கதிரியக்க நிபுணர் இந்தக் கம்பியைப் பின்னி, நடுவே இடையும் இருபுறமும் தட்டும் வைத்த சாதனத்தைச் செய்தார். அமெரிக்காவில் அதற்கு 2001 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. எங்கள் அலமாரியில் இருக்கும் பெரும்பாலான சாதனங்கள் அவர் கைவண்ணத்தின் வாரிசுகள்தான்.

சாதனத்தைக் கேபிளில் திருகி, உப்புநீர்க் கிண்ணத்துக்குள் முழுக்க மூழ்கவிட்டு, நீருக்கடியிலேயே ஏற்றும் குழாய்க்குள் இழுக்க வேண்டும். வெளியே வைத்து இழுத்தால் கம்பி வலைக்குள் காற்று தங்கிவிடும். உள்ளே போன பிறகு முதலில் இடது மேலறையில் ஒரு தட்டை விரிப்பார்கள், சுவரோடு ஒட்ட இழுப்பார்கள், பிறகு வலப்பக்கத் தட்டு. அதற்கப்புறம்தான் எல்லோரும் நிமிர்ந்து நிற்கும் கட்டம். கேபிளைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பார் டாக்டர். எக்கோ பார்ப்பவர் நான்கு புறமும் சுவர் தட்டுகளுக்கு நடுவே இருக்கிறதா, வால்வை இடிக்கிறதா என்று தேடுவார். ஈசிஜியில் பி அலைக்கும் கியூஆர்எஸ்ஸுக்கும் இடைவெளி கூடுகிறதா என்று நான் பார்ப்பேன். திருகிக் கழற்றும்வரை எப்போது வேண்டுமானாலும் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். கழற்றிவிட்டால் போனது போனதுதான். நழுவினால் கண்ணியுள்ள கம்பியைப் போட்டுப் பிடிக்க வேண்டும், அல்லது நெஞ்சைத் திறந்து எடுக்க வேண்டும். பொருந்தவில்லை என்று தோன்றினால் சாதனத்தை வெளியே எடுத்துவிட்டு, "இவனுக்கு ஆபரேஷன்தான் நல்லது" என்று சொல்லும் டாக்டரை நான் மிகவும் மதிக்கிறேன். வெளியே பெற்றோர் காத்திருக்க, உள்ளே திறந்த பெட்டியின் விலை தெரிந்திருக்க, அப்படிச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

அளந்து பார்த்து மூடாமல் விட்ட ஒரு நாள் என் மனத்தை விட்டுப் போகாது. பதினான்கு வயதுப் பெண். தமனிகளுக்கு இடையிலான குழாய், டக்டஸ், பிறந்த சில நாளில் தானே மூடியிருக்க வேண்டியது, மூடாமல் பெரிதாக நின்றுவிட்டது. மேசையில் படுக்க வைத்தபோதே சீனியர் நர்ஸ் என்னைக் கூப்பிட்டு அவள் கையையும் காலையும் காட்டினார். கை விரல்கள் ரோஜா நிறம். கால் விரல்கள் நீலம், நகங்கள் தடித்து உருண்டிருந்தன. டக்டஸ் மகாதமனியில் சேருவது தலைக்கும் கைகளுக்கும் போகும் கிளைகளைத் தாண்டி. அதன் வழியே கெட்ட ரத்தம் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கினால் கால்தான் முதலில் நீலமாகும்.

அளந்தோம். நுரையீரல் தமனியில் 110, மகாதமனியிலும் 110. நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்துக் காத்திருந்தோம். இறங்கவில்லை. பலூனால் டக்டஸைத் தற்காலிகமாக அடைத்துப் பார்த்தார்கள். நுரையீரல் அழுத்தம் இறங்குவதற்குப் பதில் 118-க்கு ஏறியது, உடம்பின் அழுத்தம் சரியத் தொடங்கியது. நான் எண்களைச் சொல்லச் சொல்ல அறையில் பேச்சு குறைந்தது. பலூனை இறக்கச் சொன்னார் டாக்டர்.

அவள் அப்பாவை அழைத்துவந்து திரையைக் காட்டினார். "அப்பா, இந்தக் குழாயை இப்ப மூட முடியாது" என்றார்.

"ஓட்டைய அடைக்கத்தானே டாக்டர் வந்தோம்?"

"பல வருஷமா வேகமா ரத்தம் பாஞ்சு நுரையீரல் குழாயெல்லாம் தடிச்சுப்போச்சு. இப்ப அவளுக்கு இந்த வழிதான் மூச்சு விட இடம் கொடுக்குது. இதை அடைச்சா இருதயம் தாங்காது. மாத்திரை தரேன். அதுல நடமாட முடியும்."

அவர் கேட்ட அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல டாக்டருக்கு நேரம் பிடித்தது. "சின்னதுல கூட்டிட்டு வந்திருந்தா?"

சின்னதில் என்றால், ஒரு வயதில், அரை மணி நேர வேலை. இன்று 700 கிராம் எடையுள்ள குறைமாதக் குழந்தைக்கே அந்தக் குழாயை அடைக்கச் சிறிய சாதனம் வந்துவிட்டது. 2019-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கொடுத்தார்கள். அந்தப் பெண்ணின் அப்பா ஒன்றும் கவனமில்லாதவர் அல்லர். அடிக்கடி சளி, காய்ச்சல் என்று ஊரில் காட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். யாரும் அவள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை இரண்டு நிமிடம் வைத்துக் கேட்கவில்லை. அந்த நோயில் கேட்கும் சத்தம் நிற்காத இயந்திர இரைச்சல் போன்றது என்று பாடப்புத்தகமே சொல்லும். நுரையீரல் அழுத்தம் ஏறி முற்றிய பிறகுதான் அது மறைந்துபோகும்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். எங்கள் அறையில் எத்தனை நுட்பம் வந்தாலும், குழந்தை எங்களிடம் வந்து சேரும் வயதை முடிவு செய்பவர்கள் வெளியே இருக்கிறார்கள். பால் குடிக்கும்போது குழந்தையின் நெற்றி வியர்க்கிறதா, இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு மூச்சு வாங்க நிறுத்துகிறதா, எடை ஏறவில்லையா என்று கேட்க மெஷின் வேண்டாம். தொடை இடுக்கில் நாடி தட்டுகிறதா என்று தொட்டுப் பார்க்க விரல் போதும். பிறந்து ஒரு நாள் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தால், 95-க்குக் கீழே இருந்தாலோ, கைக்கும் காலுக்கும் 3 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ மறுபடி பார்க்க வேண்டும், எக்கோவுக்கு அனுப்ப வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு அந்தக் கருவி பல வீட்டு அலமாரியிலேயே கிடக்கிறது. ஆனால் பச்சைக்குழந்தைக்கு அந்த விரல் கிளிப் ஆகாது, பாதத்தில் ஒட்டும் வேறு சென்சார் வேண்டும். பிரசவ வார்டுகள் எல்லாவற்றிலும் அது ஒன்றிரண்டு இருக்க வேண்டும் என்பது பெரிய கோரிக்கையா?

நிலைமை முன்பைவிட மேல் என்பதையும் சொல்ல வேண்டும். 2009-இல் தமிழ்நாட்டில் அரசு காப்பீடு வந்த பிறகு, சாதனத்தின் விலையைக் கேட்டு எழுந்துபோன பெற்றோர்கள் குறைந்தார்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் குழு போய்ப் பார்க்கிறது. அவர்கள் கொடுத்த சீட்டோடு வருகிற பிள்ளைகள் எங்கள் வார்டில் உண்டு. 2017-இல் இங்கே ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் குழந்தைக்கு டக்டஸ் மூடாமல் போகலாம், நுரையீரல் தமனி சுருங்கலாம், கண்ணும் காதும் போகலாம். அந்த ஊசி போட்ட சிறுமிகள் தாயாகும்போது அதன் பலன் எங்கள் மேசையிலும் தெரியும் என்று நம்புகிறேன்.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பலூன் போட்டு வால்வைத் திறந்த குழந்தைகளில் சிலருக்கு, வளர்ந்த பிறகு அந்த வால்வு ஒழுகத் தொடங்கும். 2000-இல் பாரிஸில் ஃபிலிப் போன்ஹோஃபர், மாட்டின் கழுத்துச் சிரையில் இருக்கும் வால்வை ஸ்டென்டுக்குள் தைத்து, 12 வயதுச் சிறுவனுக்குக் கதீட்டர் வழியாகவே பொருத்திக் காட்டினார். அப்படிப்பட்ட சிகிச்சையை நினைக்கும் நாளில் முதலில் கேட்கப்படுவது, சின்ன வயதில் எவ்வளவு அழுத்தம் இருந்தது, எத்தனை மில்லிமீட்டர் பலூன் போட்டார்கள் என்பதுதான். ஓட்டை அடைத்த பெண் பிள்ளை பின்னாளில் கர்ப்பமானால் அங்கேயும் இதே கேள்வி வரும். எம்ஆர்ஐ எடுக்கப் போனால் என்ன சாதனம் என்று கேட்பார்கள். மஞ்சப்பையில் எல்லாத் தாளையும் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவரும் பாட்டிகளும் உண்டு, மழையில் போச்சு, வீடு மாறும்போது தொலைஞ்சது என்பவர்களும் உண்டு. அந்த எண்கள் இல்லாவிட்டால் சில குழந்தைகளை மறுபடி மேசையில் படுக்க வைத்து அளக்க வேண்டியிருக்கும்.

ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போது கேத் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். சாதனத்தின் பெயர், அளவு, வரிசை எண் எழுதிய சின்ன அட்டையையும் கேளுங்கள். இரண்டையும் போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஈசிஜி தாளை மட்டும் லேமினேட் செய்யாதீர்கள். சூடு பட்டதும் அந்தத் தாள் முழுக்கக் கறுத்துவிடும். அதை ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸை வைத்துக்கொள்ளுங்கள்.